மரம் தண்ணீர் குடிக்கிற நாள்

ஈஸ்டர் முடிந்த வாரம் எங்கள் தீவில் படகுகளைக் கடலில் இறக்குவோம். மாட்டுக்கொழுப்பு தடவிய கட்டைகள்மேல் எங்கள் படகு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனபோது அதில் நான் ஒருத்திதான் நின்றேன். என் புருஷன் யூர்கோ குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பொம்பளைக்கு எதற்குப் படகு என்று ஊரே கேட்டது. முதலில் கேட்டவன் அவருடைய தம்பி பார்த்துல்.

"மத்தியானம் வரைக்கும் மிதந்தா நானே மீனுக்குப் போவேன். முங்குனா நீயே எடுத்துக்கோ" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

சற்று நேரத்தில் கணுக்கால் நனைந்தது. கரையில் யாரும் அசையவில்லை. குளிர்காலமெல்லாம் காய்ந்த பலகை முதல் நாள் தண்ணீரை உள்ளே விடும். ஊறிப் பருத்ததும் இடுக்கெல்லாம் தானே அடைபடும். இங்கே இது எல்லாருக்கும் தெரியும்.

"மரம் தண்ணி குடிக்குது மதினி. குடிக்கட்டும்" என்றான் பார்த்துல், நெத்திலியும் ரொட்டியும் மென்றபடி.

வாளியால் இறைத்தேன். இறைக்க இறைக்க ஏறியது. "ரொம்ப நாள் தாகம் போல" என்று ஒருவன் சொல்ல, சிரித்தார்கள். இன்னும் ஒரு சாண் ஏறினால் இன்ஜின் போச்சு, என் பிழைப்பும் போச்சு.

அப்போதுதான் கவனித்தேன். பலகை இடுக்கில் கசியும் தண்ணீர் பக்கவாட்டில் வழியும். இதுவோ காலடியில் குமிழியிட்டு வந்தது. அடித்துளை! படகைக் கரையேற்றியதும் மழைத்தண்ணீர் வடிவதற்காக யூர்கோ அந்தத் துளையை அடைக்கிற கட்டையைப் பிடுங்கிவிடுவார். தொலையாமல் இருக்க, கோவிலுக்குப் போகிற கோட்டின் பையில் போட்டுவைப்பார். இறக்குகிற காலையில் அவரே எடுத்துத் துளையில் அடிப்பார்.

அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அவரைப் புதைத்தோம். பொத்தான் மாட்டிவிட்டதே நான்தான்.

பாவி மனுஷா என்று பல்லைக் கடித்தேன். துக்கத்துக்குக் கட்டிய, வருஷம் முடியும்வரை கழற்றக் கூடாத கறுப்புத் தலைத்துணியை உருவிச் சுருட்டினேன். மண்டியிட்டுத் துழாவித் துளையில் திணித்தேன். அதன்மேல் குதிகாலை ஊன்றிக்கொண்டு, மத்தியான மணி அடிக்கும்வரை இறைத்தேன். தண்ணீர் இறங்கியது.

பார்த்துல் படகோரம் வந்து என் வெறுந்தலையைப் பார்த்தான். "துணி எங்க மதினி? அண்ணனுக்கு இன்னும் வருஷம் திரும்பலையே."

"அடித்துளைக் கட்டைய உங்கண்ணன் கோட்டுப் பையிலயே கொண்டுபோயிட்டாரு. அதான் துணிய அங்க அடைச்சிருக்கேன்" என்றேன். "போன எடத்துல அவரு முங்கமாட்டாரு. இங்க நானும் முங்கல. கயித்தப் பிடிச்சுக் கட்டு."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.