எல்லாச் சக்கரமும் மேடையில்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கு, குழந்தைகள் மருத்துவமனையின் நான்காம் மாடியில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் எடை 138 கிலோ 400 கிராம் என்று பதிவானது. மறுநாள் அவளுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை நடப்பதாக இருந்தது.

அந்த எண்ணை அவளுடைய அப்பா மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எடை பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் பத்தொன்பது வருஷமாக அவர்தான் ஆபரேட்டர். டிரைவர்களின் தில்லுமுல்லு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. பாரத்தைக் குறைத்துக் காட்ட, பின்சக்கரம் ஒன்றை மேடைக்கு அரையடி வெளியே விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல வானத்தைப் பார்ப்பார்கள். இவர் ஜன்னல் வழியே தலையை நீட்டுவார்.

"அண்ணே, ஒரு சக்கரம் வெளிய நிக்குது. அதுவும் ஏறட்டும், எனக்கு அவசரமில்ல."

மகளையும் அந்த மேடையில் ஒருநாள் எடை போட்டிருக்கிறார். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத் தராசு நூற்றிருபதோடு நின்றுபோனது. வகுப்பில் அவளுக்கு 'லோடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "எனக்கு என் எடை தெரியணும்ப்பா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து மேடையின் நடுவில் நின்றாள். திரையில் 130 என்று வந்தது.

"இது பத்துப் பத்தாத்தான் காட்டும், பாப்பா."

"பரவால்லப்பா. சில்லறைய விட்டுடலாம்."

அவள் சிரித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அறைக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். அடுத்த வாரமே டாக்டரைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு வருஷம் உணவுப் பட்டியல், நடைப்பயிற்சி, சர்க்கரைக்கு மாத்திரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் இரவில் மூக்குக்குள் காற்றைச் செலுத்தும் காற்றுமூடி முகத்தில். எல்லாம் பார்த்த பிறகுதான் அறுவைச் சிகிச்சை என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் திரவ உணவு மட்டும்தான். அப்போதுதான் கல்லீரல் சுருங்கி, அதன் பின்னால் இருக்கும் இரைப்பைக்கு வழிவிடும்.

அந்தத் திரவ உணவின் ஒன்பதாம் நாள் மாலை, அம்மா தையல் ஆலை ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், அவள் தம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைவலி. "பல்லுக்கெல்லாம் லீவு விட்டாச்சுப்பா" என்றாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். அவர் பித்தோடு நிற்காமல் இரண்டு துண்டு ரொட்டியைச் சுட்டு வெண்ணெயும் தடவினார். அடுத்த இரண்டு மாலையும் அப்படியே.

இப்போது, டாக்டர் வருவதற்கு முன், மனைவி கை கழுவப் போன சமயம் பார்த்து மகளிடம் குனிந்தார்.

"கேட்டா இல்லன்னு சொல்லிடு, பாப்பா. ஆறு துண்டுதானே? இங்க மாசத்துக்கு ஒரு நாள்தான் இந்த ஆப்பரேஷன். பேரையே எடுத்துட்டாங்கன்னா?"

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒரு குள்ளமான அம்மாள். நேரே மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ரெண்டு வாரமும் தண்ணி ஆகாரம் மட்டும்தானே?"

"ஆமா டாக்டர், ஒரு நாள்கூட..." என்று அப்பா முந்திக்கொண்டார்.

மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா, ஒரு சக்கரம் வெளிய நிக்குது."



"என்ன சக்கரம்?" என்றார் டாக்டர்.

"மூணு நாள் ரொட்டி சாப்பிட்டேன் டாக்டர். நாளுக்கு ரெண்டு துண்டு, வெண்ணெயோட."

"யார் குடுத்தா?"

"சாப்பிட்டது நான். அத எழுதிக்கோங்க."

"குடுத்தது நான்" என்றார் அப்பா.

"அட மனுஷா!" என்றாள் கதவருகே வந்து நின்ற அம்மா. "வெண்ணெய் டப்பா எப்படிக் காலியாச்சுன்னு நான் எலியத் திட்டிக்கிட்டு இருந்தேன்!"

ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் போதுமான அளவு சுருங்கவில்லை.

"நாளைக்கு வேண்டாம். அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

"பேர எடுத்துடுவீங்களா?" என்றார் அப்பா.

"எதுக்கு எடுக்கணும்? ஆப்பரேஷன் முடிஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சீங்களா? என்ன சாப்பிட்ட, எங்க வலிக்குது, மாத்திரை போட்டியான்னு வருஷக்கணக்கா இவகிட்ட நாங்க கேட்டுக்கிட்டே இருக்கணும். பதில் சரியா வருமான்னுதான் எனக்கு எப்பவும் பயம். இவ விஷயத்துல அது போச்சு." டாக்டர் பேனாவை மூடினார். "உங்க விஷயத்துலதான் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

மகள்தான் முதலில் சிரித்தாள்.

மறுநாள் ஜல்லி லாரி ஒன்று மேடையேறியது. பின்சக்கரம் ஒன்று அரையடி வெளியே. அவர் தலையை நீட்டி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். டிரைவர் அலுத்துக்கொண்டே வண்டியை நகர்த்தினார்.

"உங்களுக்கு அப்புறம் இந்த ஜன்னல்ல யார் வந்தாலும் எங்களுக்கு நிம்மதிதான், அண்ணே."

"கனவு காணாதீங்க. என் பொண்ணு இருக்கா. என்னையே கையும் களவுமா பிடிச்சவ."

அன்று வந்த பதினேழு வண்டிக்காரர்களில் முதல் பதினோரு பேருக்கு அவர் அந்தக் கதையைச் சொன்னார். வெண்ணெயை மட்டும் விட்டுவிட்டார். பன்னிரண்டாவது ஆளிடம் அதையும் சேர்த்துக்கொண்டார்.

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு மணி பத்து நிமிஷம் பிடித்தது. நான்காம் நாள் அவள் வீடு திரும்பினாள். டிசம்பரில் நான்காம் மாடித் தராசு 101 கிலோ 200 கிராம் காட்டியது. காற்றுமூடியை மருத்துவமனை திரும்ப வாங்கிக்கொண்டது. சத்து மாத்திரைகள் தொடர்கின்றன.