பச்சைத் தாவணிப் பேய்

பேய்ப்படத்தில் ஜனங்கள் ஒரு தடவை சிரித்துவிட்டால் அப்புறம் அந்தப் பேயால் ஒன்றும் செய்ய முடியாது. விஜய்பாண்டியின் முதல் படத்துக்கு அதுதான் நடந்தது. கம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. தியேட்டரில் பாதிப்பேர் அவன் ஊரான ஓடைப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். பேய் முதன்முதலாக வந்து நின்றதும் முன்வரிசையில் ஒருவன், "ஏலே, நம்ம தோட்டத்துக்குப் பழம் வெட்ட வர்ற புள்ள மாதிரி இருக்கு" என்றான். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது.

நான் ஆசாத். உத்தமபாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பின்னறையில் உட்கார்ந்து யூடியூபில் சினிமா விமர்சனம் பேசுகிறேன். வாய்க்கு வந்ததைப் பேசுவதாக என் மனைவி ரெஹானா சொல்வாள். கண்ணில் பட்டதைப் பேசுவதாக நான் சொல்வேன். விஜய்பாண்டி ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். படம் முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, எனக்காகப் பூசி மெழுகாத. உள்ளதச் சொல்லு. நீயே தேறாதுன்னு சொல்லிட்டா இதோட விட்டுட்டு திராட்சைத் தோட்டத்தப் பாத்துக்கிறேன். இன்னொரு தடவ கதையத் தூக்கிட்டு அலைய மாட்டேன்."

சொன்னால் செய்கிறவன் அவன். அதனால் கவனமாகத்தான் பேச உட்கார்ந்தேன். நல்லது இல்லாமல் இல்லை. கதை நடக்கிற திராட்சைக் கொடிப்பந்தலுக்கு அடியில் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது. அவன் கேமராவும் கூடவே குனிந்து போகிறது, பார்க்கிற நமக்குக் கழுத்து வலிக்கிறது. சொட்டுநீர்க் குழாய் சொட்டுவதைத் தவிர வேறு சத்தமே இல்லாத ஒரு காட்சியில் எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது.

கெட்டது எது என்றால் அந்தப் பேய்தான். பச்சைத் தாவணியில் வருகிறது, நிற்கிறது, பார்க்கிறது, போய்விடுகிறது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. தலையைக்கூட வாரிப் பின்னியிருக்கிறது. வில்லன் தனியாக மாட்டுகிறான், கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போதும் திரும்பிப் போகிறது. பின்னணி இசை மட்டும் தகரத்தைத் தட்டித் தட்டி நம்மைப் பயப்படச் சொல்கிறது. இடைவேளைக்குப் பிறகு ஒரு மந்திரவாதி வந்து அரைமணி நேரம் விளக்கம் கொடுக்கிறார்.

அதோடு விட்டிருக்கலாம். என் நாக்கு விடவில்லை. "எனக்குப் பின்னால, இருட்டுல யாருன்னு தெரியல, ஒரு அம்மா எந்திரிச்சு நின்னு பேயக் கும்பிட்டாங்க. பேயைக் கும்பிட வச்ச பெருமை நம்ம ஆளுக்குத்தான்" என்று பேசிப் பதிவு செய்தேன். திரும்பப் போட்டுப் பார்த்து நானே சிரித்தேன். மறுநாள் ஏற்றலாம் என்று வைத்தேன்.

மறுநாள் காலையில் கடைக்கு விஜய்பாண்டியின் அம்மா இருளம்மாள் வந்தார்.

"ஏப்பா ஆசாத், எந்தம்பி ஆசாத், அந்தப் படத்துல இருந்து ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?"

"எந்த எடத்துலம்மா?"

"பச்சைத் தாவணி கட்டிட்டு ஒரு புள்ள நிக்கிதுல்ல."

"பேயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்களுக்குப் பேயி. எங்களுக்கு வீட்டுச்சாமிப்பா" என்றார்.

விஜய்பாண்டியின் தங்கை மகாலட்சுமி பதினோரு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். எட்டு வருடம் ஆகிறது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். படம் பார்த்தபோது அவள் ஞாபகம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. எங்கள் வீடுகளில் இல்லாத வழக்கத்தை இருளம்மாள்தான் விளக்கினார். கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னிச்சாமி. பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்குப் புதுத்துணி எடுத்துப் படைத்து, ஒரு பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள்.

"அவ இருந்தா வளந்திருப்பால்ல. அதனால வருசாவருசம் ஒரு சுத்து கூட்டித்தான் எடுப்பேன். ரெண்டு வருசமாத் தாவணி. எல்லாம் என் கண்மதிப்புதான், யாரு உடுத்திக் காட்டப் போறா? இந்தப் பய எனக்குத் தெரியாம அதைக் கொண்டுபோயி நடிக்கிற புள்ளைக்குக் கட்டிவிட்டிருக்கான். வீட்டுக்குப் போயிப் பெட்டியத் தொறந்து பாத்தேன். தொவைச்சு மடிச்சு வச்சிருக்கான்."

"கோவமாம்மா?"

"சாமி துணிய எடுத்தது தப்புதான்ப்பா. ஆனா அவ நடந்து வந்தவுடனே எனக்கு இருப்புக்கொள்ளல. எந்திரிச்சுக் கும்பிட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாக. சிரிச்சுட்டுப் போகட்டும்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. படத்தின் ட்ரெய்லரை ஓடவிட்டு, எந்த இடம் என்று கேட்டேன். முகம் தெரிகிற காட்சிகளை எல்லாம் வேண்டாம் என்றார். "மொகம் அவ மொகமில்லப்பா. அந்தா, திரும்பிப் போறாள்ல, அதை எடு."

அவர் போனதும் பதிவை அழித்தேன். பேய் பயமுறுத்தவில்லை என்பது அப்போதும் உண்மைதான். ஏன் பயமுறுத்தவில்லை என்று விளங்கியதுதான் வித்தியாசம். தங்கச்சிக்குத் தலைவாரிப் பின்னி, பெட்டியிலிருந்த துணியை உடுத்திவிட்டு நிறுத்தியவன், அவள் கையால் ஒருவன் கழுத்தை எப்படி நெரிக்க வைப்பான்?

சாயங்காலம் விஜய்பாண்டியே கூப்பிட்டான். "போட்டுட்டியா?"

"இல்ல."

"தேறுமா தேறாதா, அதச் சொல்லு."

"பேய்ப்படமாத் தேறாது மாப்ள. அந்த மந்திரவாதிய ஒரு ரசிகனும் மன்னிக்க மாட்டான். ஆனா நீ தோட்டத்துக்குப் போகாத. பேய விட்டுட்டு அந்தப் புள்ள கதைய எடு. ஒனக்கு அது வரும்."

"எந்தப் புள்ள?" அவன் குரல் மாறிவிட்டது.

"அம்மா கடைக்கு வந்தாக."

"துணிய எடுத்ததுக்கு வஞ்சுச்சா?" என்று கேட்டான்.

"கெளம்பி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து ஒண்ணு சொன்னாக. அளவு சரியா இருந்துச்சாம்."

அவன் அழுதான். நானும் போனை வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.