ஏழாம் நம்பர் பாட்டில்கள்

காலை எட்டு மணிக்கு வளர்ப்பு அறைக்குள் நுழைந்ததும் சுடர்விழி முதல் பாட்டிலை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தெளிவாக இருக்க வேண்டிய ஜெல்லில், செடித்துண்டின் காலடியில் பால் சிந்தியதுபோல் ஒரு வளையம். அடுத்த பாட்டிலிலும் அதே. மூடியில் மார்க்கரால் எழுதியிருந்த எண் ஏழு. அவளுடைய எண்.

ஒரத்தநாடு சாலையில் இருந்த அந்தத் திசு வளர்ப்புக் கூடத்தில், ஓட்டல் வாசலிலும் அபார்ட்மென்ட் சுவரோரத்திலும் அழகுக்கு வைக்கிற செவ்விலைச் செடியைப் பெருக்கினார்கள். தாய்ச்செடியின் குருத்தை நகக்கண் அளவுக்கு நறுக்கி, சர்க்கரையும் உப்புச்சத்தும் கலந்த ஜெல்லில் ஊன்றினால் ஒன்று நாலாகும். நாலை மறுபடி நறுக்கினால் பதினாறு. ஆனால் செடிக்குப் போடும் அந்தச் சோறு கிருமிக்கும் ருசிக்கும். அதனால் வடிகட்டிய காற்று வீசும் பெட்டிக்குள் கையை விட்டு, வெட்டுக்கு வெட்டு கத்தியைச் சுட்டுத்தான் வேலை. கையில் வளையலோ கயிறோ கூடாது. போன மாதம் வளையலைக் கழற்ற மறந்த ரெங்கம்மாளை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"வானதி, இங்க வாயேன்." பக்கத்துப் பெட்டிக்காரியைக் கூப்பிட்டாள். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு அம்மா மஞ்சக்கயிறு கட்டி விட்டுச்சுடி. உடனே அவுத்தா ஆகாதுன்னு, மறுநாள் கிளவுசுக்குள்ள தள்ளிக்கிட்டு செடிய வெட்டிட்டேன்."

"அடிப்பாவி! காவேரித் தாயி உனக்கு நல்லாத் தண்ணி காட்டிட்டா. கயிறு எங்க இப்ப?"

"வெட்டின அன்னிக்கு சாயங்காலமே பயந்து அறுத்துட்டேன்."

நடவு மெஷின் வந்த பிறகு அம்மா ராசம்மாளை யாரும் வயலுக்குக் கூப்பிடுவதில்லை. வீட்டில் உலை வைப்பது சுடர்விழியின் இந்த வேலையை நம்பித்தான்.

அவள் மறுபடி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். கையிலிருந்து விழும் அழுக்கு இப்படி வராது. ஜெல்லின் மேல், விழுந்த இடத்தில், திட்டுத் திட்டாகப் பூக்கும். சில பாட்டிலில் இருக்கும், சிலதில் இருக்காது. இங்கே எல்லாவற்றிலும் வெட்டுவாயிலிருந்து கசிந்திருந்தது.

"உன் நாலாம் நம்பரை எடு. அதே நாள் வெட்டினது."

வானதி எடுத்தாள். அதே வளையம்.

"ஏய், நான் எந்தக் கயிறும் கட்டலியே!"

சுடர்விழி கீழ்த்தட்டுக்கு ஓடினாள். அதே நாளில் அதே கையால், பழைய தாய்ச்செடியிலிருந்து அவள் வெட்டியவை அங்கே இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஊற்றுத் தண்ணீர்போலத் தெளிவு. கிருமி, வளையம் விழுந்த பாட்டில்களுக்கெல்லாம் குருத்து எடுத்த புதுத் தாய்ச்செடியின் தண்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. புதுச்செடியை வலைக்கூடத்தில் மூன்று வாரம், கிருமி அடங்கட்டுமென்று இலையில் தண்ணீர் படாமல் வைத்துத்தான் வெட்டுவார்கள். இந்தச் செடியை மேனேஜர் சூர்யபிரகாஷ் மழையோடு கொண்டுவந்து இறக்கி, ஆர்டர் அவசரமென்று மறுநாளே வெட்டச் சொன்னார்.

அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் இல்லடி. நான் இல்ல."

பத்து மணிக்கு சூர்யபிரகாஷ் வந்தார். வானதிதான் சொன்னாள். "சார், புதுத் தாய்ச்செடியில வெட்டினது பூரா போச்சு. எல்லா நம்பர்லயும் இருக்கு. பழசுல ஒண்ணும் இல்ல."

அவர் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சரி. மூடியைத் தொறக்காம வேக வெச்சுக் கொட்டிடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து பாட்டிலக் கழுவிக் குடுத்துடுங்கம்மா."

"சரிங்க சார்," என்றாள் சுடர்விழி. ஞாயிறு போனால் போகட்டும். வேலை இருக்கிறது.

அவர் ஏழாம் நம்பர் பாட்டில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராக உயர்த்தினார். சட்டைக் கை சரிந்தது. மணிக்கட்டில் கோயில் சிவப்புக்கயிறு, கட்டைவிரல் தடிமனில், குங்குமம் உதிராமல் இருந்தது. சுடர்விழி தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, கழுவ வேண்டிய பாட்டில்களைக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள்.