அப்பா எந்த ஃபோல்டரில்

கனவுகள் எதுவும் இல்லை என்று லேப்டாப் திரை சொன்னது. மறுபடி கேட்டேன். எதுவும் இல்லை என்றது, அதே நிதானத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட கையோடு என் கணவர் சோபாவில் சாய்ந்து குறட்டையை ஆரம்பித்திருந்தார். திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் அறையையே அரைத்தூக்கத்தில் வைத்திருந்தது. அந்த நேரத்தில் எதுவுமே நிஜம் போலத் தோன்றாது. இதுவும் அப்படிப் போய்விடாதா என்று கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். திரையில் அதே வரிதான் இருந்தது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். என் நாத்தனாருக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். "ஃபங்ஷனல்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கு, கத்துக்குங்க அண்ணி, உங்க குணத்துக்குச் சரியா இருக்கும்" என்று அவள்தான் உசுப்பிவிட்டாள். அந்த மொழியில் ஃபங்ஷன் என்கிற சின்னக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் எதைக் கொடுத்தால் எது வரும் என்பது மாறாதாம். ஒரே கேள்விக்கு எப்போது கேட்டாலும் ஒரே பதில். கடைக்கு வருகிறவர்களின் கண் காலையில் ஒரு பவர் காட்டும், சாயங்காலம் வேறு காட்டும். கட்டினவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சொன்ன சொல் மாறாத ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று நான் சொக்கிப்போனேன்.

பழகுவதற்கு எதையாவது எழுத வேண்டுமே என்று கனவுகளைச் சேர்த்துவைக்கும் ஒரு புரோகிராம் எழுதினேன். அப்பா வரும் கனவுகளை மட்டும். அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். இறந்த பிறகு அடிக்கடி வந்தார், எப்போதும் பழைய வீட்டுக்கே. பின்சுவரை அடித்துக்கொண்டே இருப்பார், சுவர் நீண்டுகொண்டே போகும். உச்சி தெரியாத ஏணியின் மேலிருந்து தண்ணீர் கேட்பார். வாளியில் பிரஷ் கழுவுவார், நீலம் வழிந்து தெருவெல்லாம் ஓடும், யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். பல் தேய்ப்பதற்குள் எல்லாம் மறந்துவிடும். அதனால் கண் விழித்ததும் படுத்தபடியே லேப்டாப்பைத் திறந்து தட்டிவிடுவேன். புரோகிராம் தேதி போட்டு டேட்டாபேஸில் சேர்த்துக்கொள்ளும். 'ஏணி' என்று கேட்டால் ஏணி வந்த கனவுகளையெல்லாம் எடுத்துத் தரும்.

இந்த அடுக்குமாடி வீட்டுக்கு மாறியதும் அப்பா வருவது நின்றுபோனது. அவருக்குப் புது வீட்டு வழி தெரியவில்லை என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லி, கணவரிடம் கேலி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆக, டேட்டாபேஸில் இருப்பது மட்டும்தான் எனக்கு அப்பா. அதைத்தான் இப்போது காணவில்லை. போதாக்குறைக்கு, அன்று காலைதான் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று கண்ட ஃபோல்டர்களையும் அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தேன்.

அடுத்த தெருவில் இருக்கும் வாலுவுக்குப் போன் போட்டேன்.

"உன் மொழி மாறவே மாறாதுன்னியே, மண்ணாங்கட்டி! நேத்து அத்தனை கனவு காட்டிச்சு, இன்னிக்குக் கையை விரிக்குது."

"மூச்சு விட்டுப் பேசுங்க அண்ணி. எதையும் தொடாதீங்க, வரேன்."

ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப எந்த ஃபோல்டர்ல நின்னு புரோகிராமை ஓட்டுனீங்க?"

"எங்கடி நின்னேன்? இங்கதானே உட்கார்ந்திருக்கேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் எழுதியதைப் படித்தாள். டேட்டாபேஸ் ஃபைலுக்கு 'கனவு' என்று வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முழுப் பாதையை எழுதவில்லை.

"வெறும் பேரைக் குடுத்தா, நீங்க அந்த நேரம் எந்த ஃபோல்டர்ல இருக்கீங்களோ அங்கதான் தேடும். இன்னிக்கு நீங்க பாடம் வச்சிருக்கிற ஃபோல்டருக்குள்ள இருந்து ஓட்டியிருக்கீங்க. அங்க இல்ல."

"ஃபைல் இல்லைன்னா ஃபைலே இல்லைன்னு சொல்லணும். காலியா ஒண்ணைக் காட்டுமா?"

"இந்த டேட்டாபேஸுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது அண்ணி. கேட்ட இடத்துல ஃபைல் இல்லன்னா, சத்தமில்லாம புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு வச்சிடும்."

"அப்படியே உங்க அண்ணன்."

சோபாவில் குறட்டை ஒரு நொடி நின்று தொடர்ந்தது.

"மொழி வாக்கு மாறல அண்ணி. எங்க இருந்து கேக்குறோம்கிறதும் கேள்வியில சேர்த்தி. அதை நீங்க எழுதாம விட்டுட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அதெல்லாம் அப்புறம். அப்பா இருக்காரா, அழிச்சிட்டேனா, அதைச் சொல்லு."

கம்ப்யூட்டர் முழுக்க 'கனவு' என்ற பெயரைத் தேடச் சொன்னாள். பட்டியல் மெல்ல மெல்ல விழுந்தது. போன் போடுவதற்கு முன் பதற்றத்தில் நான் எங்கெங்கோ நின்று ஓட்டிப் பார்த்த இடங்களிலெல்லாம் ஒரு காலி ஃபைல். படங்களுக்கு நடுவே ஒன்று, கடை பில்களுக்கு நடுவே ஒன்று. ஆள் குடிவராத வீடுகளைக் கதவு திறந்து பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திறந்தோம். காலி. காலி. அவள் இன்னொன்றைத் திறந்தாள்.

ஏணி. தண்ணீர். நீளும் சுவர். எல்லாம் இருந்தது. நான் முதன்முதலில் உட்கார்ந்து எழுதிய ஃபோல்டரில், காலையில் என் கை படாத ஒரே மூலையில். வாலுவின் ஈரத் தலையைப் பிடித்து முத்தமிட்டேன். அவள் கூச்சத்தில் நெளிந்தபடியே முழுப் பாதையையும் எழுதி, இனி எங்கிருந்து கேட்டாலும் இங்கேயே வரும்படி செய்தாள்.

"மிச்சத்தை அழிச்சிடலாமா?"

"திறந்து பாத்துட்டு அழி. எனக்கு என்மேல நம்பிக்கையில்ல."

கடைசிக்கு முந்தைய ஃபைலில் அவள் விரல் நின்றது. "அண்ணி, இது காலியில்ல. டவுன்லோட் ஃபோல்டர்ல இருக்கு. ஒரே ஒரு கனவு."

தேதியைப் பார்த்தேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து பல மாதம் கழிந்த ஒரு தேதி.

"நான் எழுதலையே."

"நீங்கதான் எழுதியிருக்கீங்க. அரைத்தூக்கத்துல எந்த ஃபோல்டர்னு பாக்காம தட்டிட்டு, திரும்பப் படுத்துட்டீங்க. அதுவும் மறுக்காம வாங்கி வச்சிருக்கு."

எழுத்துக்கள் இடறி இடறிக் கிடந்தன. நான் வாய்விட்டுப் படித்தேன்.

'அப்பா லிஃப்டிலிருந்து இறங்கினார். கையில் பிரஷ் இல்லை. எந்த மாடி என்று தெரியாமல் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். நல்லா அடிச்சிருக்கான், யாரு என்று கேட்டார்.'

அதற்கு மேல் எழுதவில்லை. எனக்கு அந்தக் கனவில் ஒரு துளிகூட ஞாபகமில்லை. இன்னொருவர் வீட்டில் நடந்ததைப் படிப்பதுபோல் மறுபடி மறுபடி படித்தேன். அழுகை வந்தது, அடக்கத் தோன்றவில்லை.

"பெரிய ஃபைலோட சேர்த்துடட்டுமா அண்ணி?" என்றாள் வாலு, மெதுவாக.

கணவர் எழுந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"அப்பா வந்துட்டுப் போயிருக்காருங்க. இந்த வீட்டுக்கு. நான்தான் பதில் சொல்லாம தூங்கிட்டேன்."