இரண்டாக வெட்டிய பெயர்

ராஜா மாதா கோயில்களில் பழைய கத்தோலிக்கப் பூசையை ஒழித்த பிறகு, பெர்கன் நகரத்துப் பூசைப் புத்தகங்களின் ஆட்டுத்தோல் ஏடுகளெல்லாம் பைண்டர் ஆஸ்லாக்கிடம் வந்து சேர்ந்தன. சிவப்பும் நீலமுமாகக் கொடி ஓடிய எழுத்துகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டி, அரசாங்கப் புத்தகங்களுக்கு அட்டை போட்டான்.

அன்று காலை கையில் வந்தது நாட்காட்டி ஏடு. செத்தவர்களின் பெயரை அவரவர் செத்த நாளில் பாதிரியார் பூசையில் வாசிப்பதற்காக ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கத்தி இறங்கிய பிறகுதான் பார்த்தான். அவன் அம்மா குன்வோரின் பெயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அப்போதிருந்து பட்டறையில் யாரோ மூச்சு விடும் சத்தம்.

"வாசிச்சுத் தொலைங்களேன். அத்தை அதுக்குத்தான் நிக்கிறாங்க" என்றாள் மனைவி சீரி.

"செத்தவங்களுக்கு வேண்டுறது இப்ப குத்தம். தெரிஞ்சா என் தோலை உரிச்சிருவாங்கடி."

"நீங்க அறுக்காத தோலா."

கதவைச் சாத்திவிட்டு, துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, அம்மா பெயரை மெதுவாக வாசித்தான். மூச்சு நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்தான்.

அலமாரி நிறைய, இதுபோல் பெயர் எழுதிய ஏடுகளை வெட்டி அவன் அட்டை போட்ட புத்தகங்கள். அவை ஒவ்வொன்றாக மூச்சு விடத் தொடங்கின.