சாப்பாட்டு மணி

குழம்பு அண்டாவின் ஒரு காதை அவள் பிடித்திருந்தாள், மறு காதை அவர். பாதி தூக்கியதுமே அவர் பக்கம் தாழ்ந்தது.

"ஏங்க, பாத்து!"

அண்டாவைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டு, அதன் பக்கத்திலேயே சரிந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அந்த ஆரம்பப் பள்ளிக்கு அவர்தான் சமையல்காரர். மனைவியான அவள், அதே அடுப்படியில் உதவியாள். அடுத்த தெரு மருத்துவமனையிலிருந்து ஓடிவந்த நர்ஸ், மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தைத் தொட்டாள், சட்டையைத் திறந்து நெஞ்சில் காது வைத்தாள். பிறகு மெல்ல அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அதிலேயே இவளுக்கு விளங்கிவிட்டது.

தோள்பட்டை குடைகிறதென்று காலையில்தான் சொன்னார். "இன்னிக்கு ஒரு நாளாவது படுங்களேன்" என்றாள். "நான் படுத்துட்டா இத்தனை வாய்க்கு யாரு வடிச்சுக் கொட்டுறது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். மாற்று ஆள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனுஷன்.

"வண்டி வர நேரமாகுமாம். பிள்ளைங்க சாப்பிட வந்துடும், இங்க எப்படிம்மா..." என்றாள் தலைமை ஆசிரியை.

சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி விளையாட்டுச் சாமான் அறை. வாத்தியார்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிப்போய், பிள்ளைகள் குட்டிக்கரணம் போடும் மெத்தையில் கிடத்தினார்கள். சுற்றிலும் பந்துகள், வளையங்கள், வாத்தியக் குழுவின் முரசு.

"நீ அவர் பக்கத்துல இரு. பரிமாற நான் ஆள் பாக்குறேன்."

"ஆள் யாரு டீச்சர் இருக்கா?"

அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"பாதிப் பேரு வெறும் வயித்தோட வந்ததுங்க. போட்டுட்டு வந்துடுறேன்."

மணி அடித்தது. தட்டுகளோடு வரிசை வந்து நின்றது.

"கரண்டி மாமா எங்க அக்கா?"

"தூங்குறாரு. தட்டை நேராப் பிடி."

"பகல்லயா? சோம்பேறி மாமா!"

வரிசையே சிரித்தது. அவளும் சிரிப்பு மாதிரி உதட்டை இழுத்தாள். கை தன் பாட்டுக்குச் சோறு போட்டது, குழம்பு ஊற்றியது. இன்னும் கொஞ்சம் என்று கேட்டவனுக்கு இன்னும் கொஞ்சம் போட்டது.

சாப்பிட்டுக் கைகழுவியதும், வாத்தியக் குழுச் சிறுமிகள் முரசு எடுக்க அந்தச் சாமான் அறைக் கதவடியில் போய் நின்றார்கள். பயிற்சி நாள். "இன்னிக்கு வேணாம்" என்று ஒரு வாத்தியார் விரட்டப் பார்த்தார். சிறுமிகளின் முகம் தொங்கியது. அவர்களுக்கு வாரத்தில் இருப்பதே இந்த ஒரு நாள்தான்.

அவளே உள்ளே போனாள். முரசின் வார், அவர் கைக்கு அடியில் மாட்டியிருந்தது. கையைத் தூக்கினாள். சூடு இன்னும் போகவில்லை. எந்நாளும் அடுப்பு நெருப்போடு கிடந்த உடம்பு. கையை நெஞ்சின் மேல் வைத்து, சற்று நேரம் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு முரசோடு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

முன்பக்க மைதானத்தில் கொட்டு ஏறிக்கொண்டிருந்தபோது, வண்டி பின்வாசலில் வந்து நின்றது. அவரை ஏற்றினார்கள்.

தலைமை ஆசிரியை அவள் தோளைப் பற்றினாள். "எதையும் யோசிக்காத. எத்தனை நாள் வேணுமோ வீட்டுல இரு." தயங்கினாள். "நாளைக்கு அடுப்புக்கு மட்டும்... உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

"தெரிஞ்சவரு ஒருத்தர்தான் டீச்சர்."

அவர் பக்கத்தில் அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி நகர்ந்தது. அவள் விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பருக்கையாக நகத்தால் சுரண்டினாள். கீழே போட மனம் வரவில்லை. மடியில் சேர்த்துக்கொண்டே போனாள்.