பவளப்பாறைக்குப் பத்துப் பேர்

"மைக்கை அவர்கிட்டருந்து வாங்குங்கப்பா, மனுஷனுக்குப் பேச வராது" என்று சம்பந்தி சொல்லி, மண்டபமே சிரித்து, ஏழு மாதம் ஆகிறது. மற்றவர்களுக்கு அது பழங்கதை. அத்தைக்கு மட்டும் அது இன்று காலைதான் நடந்தது. நாளைக் காலையும் நடக்கும்.

கல்யாணப் பெண்ணின் அப்பா அத்தையின் ஒரே தம்பி. ஆஸ்பத்திரி ஒன்றில் லிப்ட் மெக்கானிக். மனைவி போனபின் மகளைத் தனியாளாக வளர்த்தவன். அன்றைக்கு நாலே வரி பேசுவதாக இருந்தான். வந்தவர்களுக்கு நன்றி, மகளைப் பற்றி ஒரு வரி, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்த நாலு வரியை ஒரு வாரம் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். மேடையில் முதல் வரியில் தடுமாறி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். சம்பந்தி எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கி, அரைமணி நேரம் தன் பெருமையைப் பேசினார். தம்பியின் கை மட்டும் மைக்கைப் பிடித்த வாக்கிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவனும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் அத்தையால் பொறுக்க முடியவில்லை. அப்பா செத்தபோது எட்டு வயதுப் பிள்ளையாக அவள் கையில் வந்தவன் அவன். இந்தக் குடும்பத்துக்குச் சொத்து கிடையாது. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்கிற முதுகு ஒன்றுதான் உண்டு. அதை ஒருவன் நாலு பேர் முன்னாலேயே வளைத்துவிட்டான் என்றால் நாலு பேர் முன்னால்தான் அதற்குப் பதில் நடக்க வேண்டும். காதும் காதும் வைத்தாற்போல் முடிக்கிற காரியம் இல்லை இது.

பதில் சொல்ல வழிதான் தெரியாமல் இருந்தது. வழியை மாப்பிள்ளையே போனில் கொண்டுவந்து கொடுத்தான்.

"அத்தை, குடும்பமா தீவுக்குப் போறோம்ல, அஞ்சு நாளும் என்னென்ன செய்யறதுன்னு நீங்கதான் போட்டுத் தரணும். அப்பா போட்டா எல்லாரும் கரையில உக்காந்து அவர் பேசறதைக் கேட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான்."

"உங்க அப்பா ஒத்துப்பாரா?"

"பத்துப் பேர்ல ஒன்பது பேர் ஒத்துக்கிட்டாச்சு. அவர் ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன?"

பத்துப் பேர் என்றால் அத்தை, தம்பி, அவன் மகள், மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியின் மனைவி, சம்பந்தியின் தம்பிமார் இருவர், அவர்கள் மனைவிமார். மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தது இந்தத் தம்பிமார்தான். அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சாட்சிக்கு ஆள் போதும்.

"சரி மாப்பிள்ளை. ஆனா என் முறைப்படிதான் நடக்கும்."

அவள் முறை ஊரறிந்தது. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியையாக இருந்து முப்பத்தொரு வருஷம் நேர அட்டவணை போட்டவள். நாற்பத்திரண்டு ஆசிரியர்களில் ஒருவருக்குக்கூட ஒரே மணியில் இரண்டு வகுப்பு விழுந்ததில்லை. எதையும் சுற்றறிக்கையாக எழுதித்தான் அனுப்புவாள். எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் மாற்றம் வேண்டுமென்றால், மாற்றம் கேட்கிறவர் காரணத்தைத் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். அந்தக் காரணத்தோடு காகிதம் மறுபடி எல்லாரிடமும் போய்க் கையெழுத்து வாங்கி வரும். இந்த முறைக்குப் பயந்தே பாதிப் பேர் மாற்றம் கேட்பதில்லை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'சர்க்குலர்' என்று பெயர். அவளுக்கும் தெரியும். அதில் ஒரு குறைவும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

முதல் வேலையாக ஆளுக்கொரு படிவம் அனுப்பினாள். வயது, செருப்பு அளவு, சாப்பிடும் மாத்திரை, படகில் வாந்தி வருமா, நீச்சல் தெரியுமா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா.

நீச்சல் என்ற இடத்தில் சம்பந்தி கட்டத்தை மீறி எழுதியிருந்தார்: "நன்றாகத் தெரியும். இளமையில் ஆற்றை அக்கரைக்கு நீந்திக் கடந்து பரிசு வாங்கியவன்." இதை அவர் வாயால் கேட்காத உறவுக்காரர் கிடையாது. மரச்சாமான் கடை வைத்திருக்கிறவர். கடைக்குக் கட்டில் பார்க்க வந்தவர்கள்கூட அந்த ஆற்றைக் கடந்துதான் வெளியே போக வேண்டும்.

அவர் மனைவியின் படிவம் கீழே இருந்தது. கடைசிக் கட்டத்தில் சின்ன எழுத்தில்: "அவருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே உயிர் போய்விடும். ஆற்றுக் கதை சும்மா. ஆழமான இடம் வேண்டாம். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள். சொல்லாதீர்கள் என்று ஒரு பெண் நம்பி எழுதியிருக்கிறாள். சரி, சொல்லப்போவதில்லை. அந்த மனுஷனே சொல்லட்டும்.

நாலு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டாள். தீவின் அலை ஏற்ற இறக்க நேரங்களை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கினாள். முதல் நாள் மாலை துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடை. இரண்டாம் நாள் கடல் வற்றும் நேரம் பார்த்து மணல்திட்டைத் தாண்டிப் பறவைத் தீவு. நாலாம் நாள் காலையில் தென்னந்தோப்புக்குள் சைக்கிள், மதியம் ஓய்வு. ஐந்தாம் நாள் கழிமுகத்தில் துடுப்புப் படகு. எல்லாம் எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி, மூட்டுவலிக்காரருக்கு நிழல், மாத்திரைக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். நடுவில் மூன்றாம் நாளை மட்டும் வேறு மையில் எழுதினாள்.

"காலை 9.40. பவளப்பாறை. படகு பாறைக்கு நூற்றைம்பது அடி தள்ளி நிற்கும். ஆழம் இருபது அடி. அனைவரும் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்திச் செல்ல வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் கைபிடித்து அழைத்துப்போக ஒரு ஆளும் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களுக்குச் சட்டை கிடையாது. வழிநடத்திச் செல்பவர்: சம்பந்தி அவர்கள்."

கடைசி வரியை எழுதிவிட்டு மையை ஊதி உலர்த்தினாள்.

சம்பந்தி தன் தம்பிமார் பக்கத்தில் இருக்கும்போதுதான் மாப்பிள்ளை காகிதத்தை நீட்டினானாம். 'வழிநடத்திச் செல்பவர்' என்பதைத் தம்பிமார் சத்தமாகப் படித்துக் கைதட்ட, அவர் ஆழம் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். போதாததற்குப் பக்கத்திலேயே, "எனக்கு முகமூடி வேண்டாம், வெறும் கண் போதும்" என்று எழுதியும் வைத்திருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் அத்தை வீட்டு அழைப்புமணியை அடித்தார். தனியாக வந்திருந்தார். கையில் ஒரு பை ஆப்பிள்.

"என்ன சம்பந்தியம்மா, சௌக்கியமா? இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு..."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார். திரைச்சீலை நன்றாக இருக்கிறது என்றார். ஆப்பிள் இனிப்பு என்றார். அத்தை எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து அவர் சுற்றி வளைப்பதை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணாம் நாள்... எனக்குக் கொஞ்சம் சளி மாதிரி இருக்கு."

"போறதுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கு. அதுவரைக்குமா இருக்கும்?"

"காதுலயும் ஒரு அடைப்பு..."

"டாக்டர் சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க, சேத்து வச்சுடறேன்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சம்பந்தியம்மா, நமக்குள்ள எதுக்கு சீட்டு கீட்டு? நான் படகுலயே உக்காந்துக்கறேன்னு ஒரு வார்த்தை மாத்தி எழுதிடுங்களேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் மாத்த முடியாது. மாத்தம் கேக்கறவங்கதான் காரணம் எழுதணும். எங்க பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியருக்கே அதுதான் சட்டம்."

"என்ன காரணம்னு எழுதறது?"

"உண்மையை."

அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எதற்காக என்பதும் புரிந்திருக்கும்.

"அந்த மைக் விஷயத்தை இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா? அது சும்மா விளையாட்டுக்கு. உங்க தம்பியே சிரிச்சாரே!"

"ஆமா, சிரிச்சான்." அத்தை பேனாவின் மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "எழுதறீங்களா, இருபது அடியில குதிக்கறீங்களா?"

அவர் எழுதினார். ஐந்து சொல் எழுத அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பயணத் திட்டம் பேசச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். அவர் கடையிலிருந்து வந்த பெரிய சோபாக்கள் சுவரோரம் நெருக்கியடித்துக் கிடந்தன. சம்பந்தியின் தம்பிமார், "அண்ணன் எங்களுக்கெல்லாம் கடலுக்கு அடியில கைடு!" என்று ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். சம்பந்தியின் பார்வை முழுக்க அத்தையின் கைப்பையில் இருந்தது.

அத்தை எழுந்து காகிதத்தை எடுத்தாள். மூன்று நாளாக இந்த நிமிஷத்தைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் நின்றவுடன் ஒன்று தோன்றியது. பறிபோனது தன் பேச்சு இல்லை.

"தம்பி, நீ படி."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தை, அப்பாவை எதுக்கு..."

"படிக்கட்டும்மா."

தம்பி எழுந்து காகிதத்தை வாங்கினான். கண்ணை ஓட்டினான். மூன்றாம் நாளுக்கு வந்ததும் அவன் கண் நின்றதை அத்தை பார்த்தாள். இவன் இளகிய மனசுக்காரன். இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவான். அல்லது 'எனக்கும்தான் நீச்சல் தெரியாது' என்று சொல்லி அந்த ஆளைக் காப்பாற்றிவிடுவான். ஏழு மாதக் காத்திருப்பு மண்ணாகிவிடும். திட்டுவதற்கு வார்த்தைகூட அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவன் முதல் நாளைப் படித்தான். இரண்டாம் நாளைப் படித்தான். எங்கும் தடுமாறவில்லை.

"மூணாம் நாள் காலை ஒன்பது நாப்பது. பவளப்பாறை. இதுல சம்பந்தி ஒரு மாத்தம் கேட்டிருக்கார். அவர் கையாலேயே காரணம் எழுதியிருக்கார்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். அந்த மூச்சு முடியும்வரை யாரும் அசையவில்லை. "'எனக்கு நீந்தத் தெரியாது. பயமாக இருக்கிறது.'"

தம்பி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, சுவரோரச் சோபாக்களைப் பார்த்தான்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேட்டுச்சா? 'எனக்கு நீந்தத் தெரியாது. பயமாக இருக்கிறது.'"

சம்பந்தியின் தம்பிகளில் இளையவன்தான் முதலில் வெடித்தான். "அப்ப அந்த ஆறு?" அவ்வளவுதான், அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள், மூத்தவன் சோபாவில் சரிந்தான். "ஏண்ணா, பரிசுக் கோப்பையை மூஞ்சி அலம்பறப்ப குடுத்தாங்களா?" சம்பந்தியின் மனைவி மட்டும் தன் வளையலைத் திருகிக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். தான் எதையும் சொல்லவில்லை என்று அத்தை மெல்லத் தலையசைத்தாள். அந்தம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"போதும், குடுங்க அதை" என்று சம்பந்தி எழுந்து கையை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சம்பந்தி. உக்காருங்க."

தம்பி அதைக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னான். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசுகிற குரல் அது. அவர் உட்கார்ந்தார். அவன் நாலாம் நாளையும் ஐந்தாம் நாளையும் நிதானமாகப் படித்து முடித்து, காகிதத்தைக் கையெழுத்துக்கு விட்டான். ஒவ்வொருவராக அந்த வரியை இன்னொரு தரம் படித்துச் சிரித்துவிட்டுத்தான் போட்டார்கள். மகள் சிரிக்கவில்லை. மாமனாரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை அழுத்தித் தன் முழுப் பெயரையும் எழுதினாள். கடைசியில் சம்பந்தியிடம் வந்தது.

"எங்க போடணும்?" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

தம்பி அருகில் போய்க் குனிந்து இடத்தை விரலால் காட்டினான்.

படியிறங்கும்போது அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்திருந்தது. தம்பியின் தோளைத் தட்டி, முடிந்தது, மறந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் இரண்டு படி கீழே நின்று திரும்பினான்.

"அக்கா, அஞ்சாம் நாள் துடுப்புப் படகுல எத்தனை பேர்?"

"படகுக்கு ரெண்டு பேர். ஏன்டா?"

"அவரை எங்கூடப் போடு."

அவன் முகத்தில் மண்டபத்துச் சிரிப்பு இல்லை. அவனை வளர்த்த ஐம்பது வருஷத்தில் அத்தை பார்த்தறியாத ஒரு முகம். இத்தனை நாளும் தான் ஒருத்திதான் கறுவிக்கொண்டிருந்ததாக நினைத்தோமே என்று அவளுக்கு லேசாகக் கூசியது.

"உனக்கும் நீச்சல் தெரியாதேடா!"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால நீச்சல் குளம் இருக்குல்ல? ஆறு மாசமாப் போறேன்."

போதும் தம்பி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அத்தை படியிலேயே நின்று கைப்பையைத் திறந்து, சுற்றறிக்கையை எடுத்து, சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"காரணம் என்னன்னு எழுதட்டும்?"

"அவர் முன்னால உக்காந்து கடலைப் பாக்கட்டும்" என்றான் தம்பி. "துடுப்பு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

முதல்முறையாகத் தன் சட்டத்தையே மீறி, அவள் அதைத் தன் கையாலேயே எழுதி, அவனிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.